அடுத்த பங்கு அமெரிக்கா



உலகில் விலை கூறக்கூடாதவை சில உண்டு என்று நாம் சிறுவயது முதலே கற்று வந்திருக்கிறோம். தாயின் பாசம், நண்பனின் நம்பிக்கை, அடியவரின் செபம், வீடு தேடி வந்தவருக்கு இடும் அன்னம் ஆகியவை அவற்றுட் சில. வழிப்போக்கன் தலைசாய்த்து இளைப்பாறுவதற்கென்றே வீட்டு முகப்பில் திண்ணை கட்டி வைத்த மரபு நம்முடையது. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார் வள்ளுவர். ஆகவே, 'ஓர் இரவுக்கு இவ்வளவு' என்று விலை குறித்துவிட்டு விருந்தினரை வரவேற்கும் வீடுகள் மேனாட்டில் உண்டு என்று கேள்வியுற்றபோதெல்லாம் நாம் உள்ளூர நகைத்ததுண்டு. 'விருந்தை விற்கிறார்கள், பாவம், அவர்கள் அறிந்தது அவ்வளவுதான்' என்று எண்ணியதும் உண்டு.

அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை நமக்கு உணர்த்தியது, அயர்லாந்து நாட்டின் மேற்குக் கடலோரத்தில் உள்ள ஒரு பண்ணை வீடு. அங்கே நாம் தங்கியவை நான்கே இரவுகள். ஆயினும், அங்குக் கற்ற பாடம் நம்மோடு நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

மழையூடே ஒரு பயணம்

2023ஆம் ஆண்டுக் கோடையில், அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள நகரப் பங்கு ஒன்றில் சில வார காலம் பணிபுரியச் சென்றிருந்தோம். பங்குத்தந்தை விடுமுறையில் சென்றால் திருப்பலி நிறைவேற்ற வேறு குரு கிடைப்பது அங்கே இன்று அரிதாகிவிட்டது. ஒரு காலத்தில் உலகின் நாற்றிசைக்கும் குருக்களையும் கன்னியரையும் அனுப்பிய நாடு அது. 1842இல் சென்னைக்கு வந்து பள்ளிகளை நிறுவிய பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அந்நாட்டிலிருந்து வந்தவர்களே. கொடுத்த நாடு இன்று கேட்கும் நாடாக மாறியிருப்பதை எண்ணியவாறே நாம் நம் பணியைச் செய்து வந்தோம்.

பணி முடிந்து ஊர் திரும்புமுன் நான்கு நாள்கள் ஓய்வு கிடைத்தது. 'டிங்கிள் தீபகற்பத்திற்குச் சென்று வாருங்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பண்ணை வீட்டில் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் உண்டு' என்று பங்கு அலுவலகத்தில் பணிபுரிந்த பெண்மணி ஏற்பாடு செய்து தந்தார். பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்பது விடுதி அன்று. குடும்பம் வாழும் வீடு. அவ்வீட்டின் ஓர் அறையில் இரவு தங்கலாம். காலையில் வீட்டாரின் கையால் வயிறார உணவும் உண்டு. நமக்குச் சொல்லப்பட்ட கட்டணம் ஓர் இரவுக்கு அறுபது யூரோ. நம் கணக்கில் ஐயாயிரம் ரூபாய்க்கும் மேல்! 'இது விருந்தா, வாணிகமா?' என்று மனம் முணுமுணுக்கத்தான் செய்தது.

டிரலீ என்னும் ஊர் வரை இரயில். அங்கிருந்து டிங்கிளுக்குப் பேருந்தில் ஐம்பது கிலோமீட்டர். அயர்லாந்தின் வானிலைப் பதிவுகளிலேயே மிகுதியான மழை பெய்த ஜூலை மாதம் அது. பேருந்துச் சன்னலில் வழிந்த நீரினூடே பச்சை மலைச் சரிவுகளும், கற்களை அடுக்கி எழுப்பிய வரப்புச் சுவர்களும், மழையைப் பொருட்படுத்தாது மேய்ந்த ஆடுகளும் தெரிந்தன. சாலையின் இருமருங்கும் ஃபியூஷா என்னும் செடி வேலியாக அடர்ந்திருந்தது. சிவப்பும் ஊதாவும் கலந்து, மகளிர் அணியும் தொங்கட்டான்போல் கவிழ்ந்து தொங்கும் பூக்கள் அவை. ஐரிஷ் மொழியில் அப்பூவுக்குக் 'கடவுளின் கண்ணீர்த்துளிகள்' என்று பெயர். அந்நாட்டின் வரலாற்றை அறிந்தவர்க்கு அப்பெயர் வியப்பளிக்காது.

டிங்கிளில் நம்மை அழைத்துச் செல்ல வீட்டுக்காரப் பெரியவர் தம் பழைய காரில் வந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பின்னிருக்கையில் ஆட்டுத்தீவனப் பையும், கறுப்பும் வெள்ளையுமான ஒரு மேய்ச்சல் நாயும் இருந்தன. கடலை ஒட்டி வளைந்து செல்லும் சாலையில், மேகத்திற்குள் மறைந்து நின்ற ஒரு மலையை அவர் சுட்டிக்காட்டினார். 952 மீட்டர் உயரமுள்ள பிரண்டன் மலை அது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கடலோடித் துறவி புனித பிரண்டனின் பெயர் தாங்கியது. பின்னர் எதிரே விரிந்த அட்லாண்டிக் பெருங்கடலைக் காட்டிப் பெரியவர் சொன்னார்:

"இதற்கு அப்பால் நிலமில்லை, ஐயா. எங்களுக்கு அடுத்த பங்கு அமெரிக்கா."

அப்பக்கத்து மக்கள் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கைப் பேச்சு அது. நாமும் சிரித்தோம். அச்சிரிப்பில் எத்துணைத் துயரம் அடங்கியிருக்கிறது என்பது அப்போது நமக்குத் தெரியாது.

சிவப்பு விளக்கு எரியும் வீடு

வீடு சுண்ணாம்பு வெண்மையோடு சரிவின் மேல் நின்றது. பின்புறம் மாட்டுக் கொட்டில். கறுப்பு உறையில் சுருட்டி வைத்த பதப்படுத்திய புல். கீழே நான்கு வயல்களைத் தாண்டினால் கடல். கதவைத் தட்டுமுன்பே திறந்துவிட்டார் வீட்டம்மையார். நம் பெயரைக் கேட்கவில்லை. பணத்தைப் பற்றிப் பேசவில்லை. நனைந்திருந்த மேலங்கியைக் கழற்றச் சொல்லி, அதை அடுப்பின் மேலிருந்த கம்பியில் தாமே உலர்த்தினார். நம்மை நாற்காலியில் அமர்த்தி, தேநீரும் ரொட்டியும் முன்வைத்த பின்னரே, "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

நாம் குருக்கள் அணியும் உடையில் செல்லவில்லை. ஓய்வு நாள்களில் சாதாரண மனிதராய் இருக்க விரும்பினோம். ஆகவே, நாம் குரு என்பதை அவ்வம்மையார் அறியார். யாரோ ஓர் இந்தியர், அவ்வளவே.

சூடான தேநீர் உள்ளே இறங்கியதும் சுற்றிலும் பார்த்தோம். சமையலறைச் சுவரில் திரு இருதய ஆண்டவரின் படம். அதன் கீழே சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. வாயிலின் மேல் கோரைப்புல்லால் முடைந்த புனித பிரிஜித்தின் சிலுவை. அன்பர்களே, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே படம், அதே விளக்கு! நம் பங்கில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது காணும் காட்சியே அங்கும் காத்திருந்தது. கண்கள் பனித்தன என்பதை மறைப்பானேன்?

நமக்குத் தரப்பட்ட அறை சிறியது, தூய்மையானது. சன்னலைத் திறந்தால் கடலின் ஓசை. மெத்தையின் மேல் தடித்த கம்பளி. அலமாரியின் மேல்தட்டில் கால்பந்துப் பதக்கங்கள் சில. ஒரு சிறுவனின் புதுநன்மைப் படம். பள்ளிப் புத்தகங்கள் இரண்டு. 'விருந்தினர் அறையில் இவை ஏன்?' என்று எண்ணியவாறே உறங்கிவிட்டோம்.

காலை உணவு

விடியற்காலை ஐந்தரை மணிக்கே கீழே பாத்திர ஓசை கேட்டது. எட்டு மணிக்கு நாம் இறங்கியபோது மேசை நிறைந்திருந்தது. ஓட்ஸ் கஞ்சி, முட்டை, பொரித்த பன்றி இறைச்சி, தக்காளி, தொத்திறைச்சி, பன்றியின் இரத்தத்தோடு ஓட்ஸ் சேர்த்துச் செய்த கறுப்பு வட்டங்கள், வீட்டில் காய்ச்சிய பழப்பாகு, மஞ்சள் நிறம் மாறாத வெண்ணெய். எல்லாவற்றிலும் சிறந்தது ரொட்டி. ஈஸ்ட் இல்லாமல், மோரும் ஆப்பச் சோடாவும் கலந்து பிசைந்து, மேலே கத்தியால் சிலுவைக்குறி கீறிச் சுட்டெடுப்பது. சிலுவைக்கு விளக்கம் கேட்டோம். "ரொட்டி நடுவில் வேக வேண்டுமே, அதற்குத்தான் என்று என் மகள் சொல்வாள். ஆசீருக்காக என்று என் தாய் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்" என்றார் அம்மையார்.

அன்று மற்ற அறைகளில் ஜெர்மானியத் தம்பதியர் ஒருவரும், நடைப்பயணம் மேற்கொண்ட இளம்பெண்கள் இருவரும் தங்கியிருந்தனர். அனைவருக்கும் ஒரே அம்மையார் சமைத்தார், பரிமாறினார், போர்வைகளை மாற்றினார், குளியலறைகளைத் துடைத்தார். நாள் முழுதும் அவர் அமர்ந்ததை நாம் காணவில்லை.

மேற்கு டிங்கிள் பகுதி இன்னும் ஐரிஷ் மொழி பேசப்படும் நிலப்பரப்புகளுள் ஒன்று. அங்கே ஒருவரையொருவர் காணும்போது, 'கடவுள் உம்மோடு' என்ற பொருளில் வணக்கம் கூறுவர். மறுமொழி கூறுபவர் அதனினும் ஒருபடி மிகுத்து, 'கடவுளும் மரியாளும் உம்மோடு' என்பார். வீட்டுத் தலைவியை அம்மொழியில் 'பன் அன் டீ' என்பார்கள். 'இல்லத்தின் பெண்' என்பது அதன் நேர்ப்பொருள். நம் தமிழில் 'இல்லாள்' என்று சொல்கிறோம் அல்லவா? அதே சொல், அதே பெருமை.

பழைய அயர்லாந்தின் சட்டங்களில் விருந்தோம்பல் ஒரு கடமையாகவே விதிக்கப்பட்டிருந்தது. வீடு தேடி வந்தவரை ஏற்க மறுத்த குடித்தலைவன் அதற்கு ஈடு செலுத்த வேண்டும். அத்தகைய நாட்டில் விருந்துக்கு விலை வந்தது எங்ஙனம்? விடையை அந்த நிலமே நமக்குச் சொன்னது.

கல்லும் கடலும் சொன்ன கதை

இரண்டாம் நாள் மழை சற்றே ஓய்ந்தபோது, காலரஸ் என்னுமிடத்திலுள்ள பழைய செபக்கூடத்தைக் காணச் சென்றோம். கவிழ்த்து வைத்த படகு போன்ற தோற்றம். சாந்தோ சுண்ணமோ இல்லை. கல்லின் மேல் கல்லை, வெளிப்புறம் சற்றே சரியுமாறு அடுக்கியே கூரை வரை எழுப்பியிருக்கிறார்கள். மழைநீர் அந்தச் சரிவில் வழிந்தோடிவிடும். மேற்கே ஒரு தாழ்ந்த வாயில். கிழக்கே ஒரு சிறு சன்னல். எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நின்ற பின்னரும் உள்ளே ஈரம் புகவில்லை. குனிந்து நுழைந்து, இருளில் சற்றுநேரம் முழந்தாளிட்டோம்.

அங்கிருந்து டன்குயின் கரைக்குச் சென்றோம். சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் கிரேட் பிளாஸ்கெட் தீவு, உறங்கும் திமிங்கிலம்போல் கிடந்தது. அத்தீவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த காலம் உண்டு. தார் பூசிய கித்தான் படகுகளில் மீன்பிடித்தும், ஆடு வளர்த்தும், உருளைக்கிழங்கு பயிரிட்டும் அவர்கள் பிழைத்தனர். அங்கே கோவில் இல்லை, குரு இல்லை, மருத்துவர் இல்லை. ஞாயிறு திருப்பலிக்குக் கடல் இடங்கொடுத்தால் படகில் வருவர். இல்லையேல் தீவிலேயே கூடிச் செபமாலை சொல்வர். எழுத்தறிவு மிகாத அம்மீனவரிடையேதான் தோமாஸ் ஓ கிரிஃபன் தோன்றி, 1929இல் 'தீவுக்காரன்' என்ற பொருள்படும் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஐரிஷ் இலக்கியத்தில் அந்நூல் இன்றும் போற்றப்படுகிறது.

ஆனால், இளையோர் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். பலர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறினர். படகு வலிக்கத் தோள்வலிமை உள்ளவர் இல்லாமற் போயினர். 1947 தொடக்கத்தில், புயலின் நடுவே, மூளைக்காய்ச்சல் கண்ட ஓர் இளைஞர் மருத்துவரும் குருவும் வந்தடைய முடியாமலே இறந்தார். அதன்பின் தீவினர் தாமே அரசை வேண்டினர். 1953 நவம்பரில், எஞ்சியிருந்த இருபத்திரண்டு பேருக்குக் கரையில் குடியிருப்பு வழங்கித் தீவைக் காலி செய்தனர். கூரையிழந்த கல்வீடுகள் இன்றும் கரையிலிருந்து தெரிகின்றன.

அத்தீவு ஒரு பெருங்கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் விளைந்த கொடும் பஞ்சத்தில், ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த அத்தீவின் மக்கள்தொகை, இன்றளவும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஒரு மகனோ மகளோ அமெரிக்கா செல்வதற்கு முந்திய இரவில் ஊரார் கூடி விழித்திருப்பராம். இறந்தவரின் உடலருகே இருப்பதற்கும் பிரிந்து செல்பவரின் அருகே இருப்பதற்கும் அவர்கள் ஒரே சொல்லைத்தான் வழங்கினர். திரும்பிவருவார் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை.

'எங்களுக்கு அடுத்த பங்கு அமெரிக்கா' என்ற பேச்சு அப்போதுதான் நமக்கு விளங்கியது.

ஆறு மணி மணியோசை

அன்று மாலை சமையலறையில் அமர்ந்திருந்தோம். ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் மூவேளைச் செப மணி ஒலித்தது. அயர்லாந்தின் தேசிய ஒளிபரப்பில் இன்றும் அம்மணி ஒலிக்கிறது. அம்மையார் கெண்டியைக் கையில் ஏந்தியவாறே அசையாது நின்றார். நாமும் எழுந்து நின்று, சிலுவை வரைந்து, வாய்க்குள் செபித்தோம். மணி ஓய்ந்தது.

"நீங்கள் கத்தோலிக்கரா?" என்று வியப்போடு கேட்டார்.

"ஆம் அம்மா. நாம் குருவானவர்."

கெண்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டார். "முதல் நாளே ஏன் சொல்லவில்லை, சுவாமி?"

"சொல்லியிருந்தால் வேறுவிதமாக உபசரித்திருப்பீர்களா?"

சிறிது யோசித்துவிட்டு, "இல்லை. ஆனால், நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருப்பேன்" என்றார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆபிரகாம் தன் கூடாரத்திற்கு வந்த மூவரும் யார் என்று விசாரித்த பின்னரா மாவு பிசையச் சொன்னார்?

அந்தச் சிரிப்புக்குப் பின்னரே அவர்கள் மனந்திறந்து பேசினர். பிள்ளைகள் மூவர். மூத்தவன் பாஸ்டனில், மகள் ஆஸ்திரேலியாவில், இளையவன் டப்ளினில். பதக்கங்கள் இருந்த அறை மூத்தவனுடையது. அவன் சென்று பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை வந்து சென்றான்.

"ஒரு காலத்தில் பன்னிரண்டு பசுக்கள் கறந்தோம்" என்றார் பெரியவர். "சிறு பண்ணையின் பாலைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை. இவள்தான் வீட்டைத் திறந்தாள்."

டிங்கிள் பக்கத்தில் அவ்வாறு வீட்டைத் திறந்தவர் பலர். 1969இல் டேவிட் லீன் என்னும் இயக்குநர் தம் திரைப்படம் ஒன்றை அங்கே படமாக்கிய பின்னர், அக்கடற்கரையின் அழகு உலகறிந்ததாயிற்று. பயணிகள் வந்தனர். பண்ணைப் பெண்கள் முட்டையும் வெண்ணெயும் விற்றுக் குடும்பம் காத்தது போலவே, அறைகளைக் கொடுத்துக் குடும்பம் காக்கத் தொடங்கினர். பிள்ளைகளின் கல்லூரிச் செலவு அவ்வறைகளிலிருந்தே வந்தது. கற்ற பிள்ளைகளோ கடல் கடந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற அறைகளில் இப்போது பயணிகள் உறங்குகின்றனர்!

"நீங்கள் இருவரும் எந்த அறையில் உறங்குகிறீர்கள்?" என்று கேட்டோம். அம்மையார் பதில் சொல்லவில்லை. பெரியவர் அடுப்பின் பின்னாலிருந்த ஒரு குறுகிய கதவைக் காட்டினார். முன்பு பால்பாத்திரங்கள் வைத்திருந்த இடம். கோடை முழுவதும், ஒரு கட்டில் மட்டுமே கொள்ளக்கூடிய அவ்விடத்தில்தான் இருவரும் படுக்கின்றனர். கடலைப் பார்த்த நல்ல அறைகள் யாவும் விருந்தினருக்கு.

நாம் வாயடைத்துப் போனோம். அறுபது யூரோவைக் கேட்டு முணுமுணுத்த நம் நெஞ்சு நம்மையே சுட்டது. அறுபது யூரோவுக்குத் தன் படுக்கையை விட்டுக்கொடுப்பவர் வணிகரா?

பின்னர் அம்மையார் தாழ்ந்த குரலில் கூறினார்: "மூன்று பிள்ளைகளும் இன்று பூசைக்குப் போவதில்லை, சுவாமி. 2009இல் வந்த விசாரணை அறிக்கைகளைப் படித்தபின் மகள் கோபத்தோடு வெளியேறினாள். குழந்தைகளுக்கு இழைத்த கொடுமையையும், அதை மறைத்தவர்களையும் அவளால் மன்னிக்க முடியவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் என்ன சொல்வேன்?"

நமக்கும் சொல்ல ஏதுமில்லை. திருச்சபையின் பெயரால் தலைகுனிந்து அமர்ந்திருந்தோம். அந்நாட்டில் தம்மைக் கத்தோலிக்கர் என்று கூறுவோர் 2016இல் நூற்றுக்கு 79 பேர். 2022இல் 69 பேர். கணக்கெடுப்பில் அவை எண்கள். அந்தச் சமையலறையில் அவை மூன்று பெயர்கள்.

"கதவை மூடிவிட்டு ஓய்வெடுக்கலாமே, அம்மா?" என்றோம்.

"மூடலாம்" என்றார். "ஆனால், மாலையில் யாரேனும் வருவார்கள் என்றால்தான் அந்த அறைகளில் நான் விளக்கேற்றுவேன். விளக்கேற்றாத அறை கொஞ்ச காலத்தில் அறையாக இராது. அந்தத் தீவைப் பார்த்தீர்கள் அல்லவா?"

மேசை பீடமாயிற்று

இறுதி நாள் காலையில் வீட்டிலேயே திருப்பலி நிறைவேற்ற இயலுமா என்று அம்மையார் கேட்டார். அவ்வூர்ப் பக்கத்தில் அது புதுமை அன்று. 'ஸ்டேஷன்' என்று ஒரு வழக்கம் அங்கே உண்டு. சிலுவைப் பாதையின் நிலைகளைக் குறிப்பதன்று. கத்தோலிக்க வழிபாட்டை ஆங்கிலேயர் சட்டம் ஒடுக்கிய காலத்தில், குருக்கள் மறைவாக வீடுகளிலும், வயல்வெளிப் பாறைகளின் மீதும் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். 1829இல் கத்தோலிக்கர் உரிமை பெற்ற பின்னரும், முறைவைத்து ஒவ்வொரு வீடாகத் திருப்பலி நிகழ்த்தும் வழக்கம் நிலைத்துவிட்டது. தம் வீட்டு முறை வரும்போது சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, ஊராரை அழைத்து, பூசை முடிந்ததும் எல்லாருக்கும் உணவிடுவர்.

ரொட்டி பிசைந்த அதே மேசையில் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. நம் பயணப் பெட்டியிலிருந்த சிறு பாத்திரங்களை எடுத்து வைத்தோம். பெரியவர், அம்மையார், பக்கத்துப் பண்ணை விதவை ஒருவர் ஆகிய மூவருமே சபை. சன்னலுக்கு வெளியே மழை. 'கருத்து?' என்று கேட்டோம். "மூன்று பிள்ளைகளுக்காக" என்றார். "அவர்கள் திரும்பி வரவேண்டும் என்று கேட்காதீர்கள். அவர்கள் எங்கே கதவைத் தட்டினாலும் யாரேனும் திறக்கவேண்டும் என்று கேளுங்கள்."

நம் குருத்துவ வாழ்வில் எத்தனையோ கருத்துகளுக்குத் திருப்பலி நிறைவேற்றியிருக்கிறோம். இப்படியொரு கருத்தை யாரும் நம்மிடம் தந்ததில்லை.

விடைபெறும்போது 240 யூரோவை எண்ணிக் கொடுத்தோம். குரு என்பதால் மறுப்பாரோ என்று அஞ்சினோம். அவர் மறுக்கவில்லை. எண்ணி, அலமாரியிலிருந்த தகர டப்பாவில் இட்டார். பின்னர் அதே டப்பாவிலிருந்து பத்து யூரோ எடுத்து, "பூசைக் காணிக்கை" என்று நம் கையில் வைத்தார். நாமும் மறுக்கவில்லை.

பேருந்தில் அமர்ந்த பின்னரே அதன் பொருள் நம் உள்ளத்தில் உறைத்தது. திருப்பலிக்கு நாம் காணிக்கை பெறுகிறோம். அதனால் திருப்பலியை விற்கிறோம் என்று பொருளா? அதில் வாணிகத்தின் சாயல்கூட இருத்தலாகாது என்கிறது திருச்சபைச் சட்டம். காணிக்கை குருவின் அடுப்பெரிய உதவுகிறது. பலியோ விலைக்கு அப்பாற்பட்டது. அந்த அம்மையார் பெற்ற பணமும் அத்தகையதே. அது கதவு திறந்திருக்க உதவியது. ஈர உடையை உலர்த்திய கைக்கும், விட்டுக்கொடுத்த படுக்கைக்கும் விலை எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. விருந்தைக் கெடுப்பது பணம் அன்று, பூட்டு.

பூட்டிய வீடுகள்

அன்புக் குடும்பங்களே! இவ்வளவையும் ஏன் உங்களுக்கு எழுதுகிறோம்? நம் பங்குகளிலும் 'அடுத்த பங்கு' துபாயாகவும் கனடாவாகவும் ஆகிவிட்டது. பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீடுகளில், முதியோர் ஒருவரோ இருவரோ ஓர் அறையில் முடங்கியிருக்கின்றனர். மற்ற அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளில் அந்த ஒருவரும் இல்லை. வீடு மந்திரிக்கச் செல்லும் நாம், துருப்பிடித்த பூட்டின் மீது தீர்த்தம் தெளித்துவிட்டு வருகிறோம்.

பிறரைச் சொல்வானேன்? கடலோரச் சிற்றூரில் நாம் பிறந்து வளர்ந்த வீடும், 2016இல் நம் தாயார் இறைவனடி சேர்ந்தது முதல் பூட்டியே கிடந்தது. தமையனார் வெளிநாட்டில், தங்கை சென்னையில். விற்கவும் மனமில்லை, பிறருக்குக் கொடுக்கவும் மனமில்லை. 'அம்மா வாழ்ந்த வீட்டில் அந்நியரா?' என்று தமையனார் கேட்பார். நாமும் அதற்குத் தலையசைத்தவரே. ஆண்டுக்கொருமுறை சென்று, ஒட்டடை அடித்து, மீண்டும் பூட்டிவிட்டு வருவோம். அதையே தாய்ப்பாசம் என்று எண்ணிக்கொண்டோம்.

அயர்லாந்திலிருந்து திரும்பியதும் தமையனாருக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தோம். அடுப்பின் பின்னாலிருந்த அந்தக் கட்டிலைப் பற்றியும், தகர டப்பாவைப் பற்றியும், கருத்தாகத் தரப்பட்ட செபத்தைப் பற்றியும் எழுதினோம். மூன்று மாதம் பதில் இல்லை. பின்னர் ஒரே வரியில் வந்தது: 'திறந்துவிடு, தம்பி.'

இன்று அவ்வீட்டில் ஓர் இளம் ஆசிரியை தம் கணவரோடும் இரு குழந்தைகளோடும் குடியிருக்கிறார். சிறு வாடகை பெறுகிறோம். அது கூரை ஓட்டை மாற்றவே சரியாகிவிடுகிறது. சென்ற ஊர்த் திருவிழாவின்போது அவ்வழியே சென்றவர், பழைய பழக்கத்தில் சாவியைத் தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டுவிட்டோம். பின்னர் நினைவு வந்து, நம் வீட்டுக் கதவை நாமே தட்டினோம். உள்ளே தாளிக்கும் மணம். திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம்மை இன்னார் என்று அறியாத மூத்த குழந்தை கதவைத் திறந்து, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தது:

"அம்மா, யாரோ வந்திருக்காங்க. காப்பி போடு!"